கேபிளை வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறதா? போர்ட்டை மாற்றும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: டைப்-சி போன், வாங்கி இரண்டு வருடம் ஆகிறது. கேபிளை ஒரு பக்கமாக வளைத்துப் பிடித்தால்தான் சார்ஜ் ஏறுகிறது. சில நாள் இரவு 5 சதவீதத்தில் போட்டுவிட்டுப் படுத்தால், காலையில் 70 சதவீதம்தான் இருக்கிறது. புதுக் கேபிள் வாங்கியும் முழுதாகச் சரியாகவில்லை. சார்ஜிங் போர்ட்டை மாற்ற வேண்டும் என்கிறார்கள். அதற்கு முன் வீட்டிலேயே என்னென்ன பார்க்கலாம்?

பதில்:

போர்ட்டை மாற்ற ஒப்புக்கொள்ளும் முன் ஒரு டார்ச்சும் மரப் பல்குச்சியும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது, போர்ட்டின் அடியில் அடைத்திருக்கும் பஞ்சு. போர்ட் உடைந்திருக்குமோ என்பது கடைசியில் வர வேண்டிய சந்தேகம். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதனால்தான் நல்ல நிலையில் இருக்கும் போர்ட்டுகள் அநியாயமாகக் கழற்றி எறியப்படுகின்றன.

உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது: அந்த 70 சதவீதம். 5000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் சுமார் 19 வாட்-மணி மின்சாரம் அடங்கும். சாதாரண 10 வாட் சார்ஜரே மூன்று மணி நேரத்துக்குள் ஏறக்குறைய நிரப்பிவிடும். ஏழு மணி நேரத்தில் 65 சதவீதம்தான் ஏறியது என்றால், வெப்பமாகத் தொலைவதையும் போனின் சொந்தச் செலவையும் சேர்த்து, போன் இழுத்தது சுமார் 2.5 வாட். அதாவது 5 வோல்ட், 0.5 ஆம்பியர். கம்ப்யூட்டரின் பழைய யூ.எஸ்.பி. போர்ட் தரும் அதே அளவு. உங்கள் போன், தன்னோடு இணைந்திருப்பது சார்ஜர் என்றே அடையாளம் கண்டுகொள்ளவில்லை.

இது எப்படி நடக்கிறது? அகலமான பழைய யூ.எஸ்.பி. துளை உள்ள சார்ஜர்களில், இரண்டு டேட்டா முனைகளும் உள்ளேயே ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருக்கும். போன் அதைத் தொட்டுப் பார்த்து, "இது கம்ப்யூட்டர் இல்லை, சார்ஜர்" என்று தெரிந்துகொண்ட பிறகே கூடுதல் மின்னோட்டம் இழுக்கும். போர்ட்டின் டேட்டா பின்கள் (சிறு உலோகத் தொடுமுனைகள்) சரியாகத் தொடாவிட்டால், பாதுகாப்புக்காக 0.5 ஆம்பியரோடு நின்றுவிடும். டைப்-சி போர்ட்டில் மின்சாரம் வரும் பின்களும், அது திரும்பிப் போகும் கிரவுண்ட் பின்களும் மற்றவற்றைவிடச் சற்று முன்னால் நீண்டிருக்கும். பிளக்கைச் செருகும்போது அவைதான் முதலில் தொடும். ஆகவே பிளக் முழுதாக உள்ளே போகாமல் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றாலும் மின்சாரம் வரும், ஆனால் அடையாளம் காட்டும் பின்கள் தொடாது. ஏறுவதுபோல் ஏறி, காலையில் 70 சதவீதத்தில் நிற்பதற்கு இதுவே காரணமாக இருக்கும்.

கோளாறு எந்தப் பக்கம்?

முதலில் கேபிளையும் போர்ட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும். சார்ஜ் போட்டு, போனை மேசைமேல் வையுங்கள். பிளக்கின் கெட்டியான பகுதியை இரண்டு விரல்களால் அசையாமல் பிடித்துக்கொண்டு, அதற்குப் பின்னால் வரும் ஒயரை மட்டும் மேலும் கீழும் வளையுங்கள். சார்ஜ் விட்டுவிட்டு வந்தால் கோளாறு கேபிளில். அடுத்து ஒயரைத் தளர விட்டு, பிளக்கை மட்டும் மெல்ல இடமும் வலமும், மேலும் கீழும் ஆட்டுங்கள். ஒரு மில்லிமீட்டர் ஆட்டம் போதும், பலம் வேண்டாம். இப்போது விட்டுவிட்டு வந்தால் கோளாறு போர்ட்டிலோ பிளக்கின் உலோக முனையிலோ இருக்கிறது. இன்னொரு கேபிளிலும் அப்படியே என்றால் போர்ட்தான்.

பிறகு பிளக்கைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். டைப்-சி இரு பக்கமும் ஒன்றுபோல வேலை செய்ய வேண்டும். ஒரு பக்கம் போட்டால் வேகமாகவும், திருப்பிப் போட்டால் மெதுவாகவும் ஏறினால், அல்லது ஏறவே இல்லை என்றால், போர்ட்டின் ஒரு வரிசைப் பின்களில் அழுக்கோ அரிப்போ இருக்கிறது. இரண்டு மூன்று கேபிள்களிலும் இந்த வித்தியாசம் தெரிந்தால் சந்தேகமே இல்லை.

இன்னொரு சோதனை, அளந்தே பார்ப்பது. நன்றாக வேலை செய்யும் வேறொரு டைப்-சி சாதனத்தில் உங்கள் கேபிளைக் கடைசி வரை செருகுங்கள். உலோகப் பகுதி சாதனத்தின் விளிம்பைத் தொடும் இடத்தில் மார்க்கர் பேனாவால் மெல்லிய கோடு போடுங்கள். இப்போது அதே கேபிளை உங்கள் போனில் செருகுங்கள். கோடு விளிம்புக்கு வெளியே ஒரு மில்லிமீட்டர் தள்ளி நின்றால் உள்ளே ஏதோ தடுக்கிறது. கவரைக் கழற்றிவிட்டுச் செய்யுங்கள். சில கவர்களின் ஓட்டை சிறியது. அதுவே பிளக்கைத் தடுத்து, இதே கோளாறை உண்டாக்கிவிடும்.

பஞ்சு எப்படி அவ்வளவு கெட்டியாகிறது?

பாக்கெட்டிலும் பையிலும் இருக்கும் துணி இழை, தூசு எல்லாம் போர்ட்டுக்குள் விழுகின்றன. விழுவது பெரிய விஷயமில்லை. ஒவ்வொரு முறை பிளக்கைச் செருகும்போதும் அதை நாமே அடியில் வைத்து அழுத்துகிறோம். சில மாதங்களில் அது கம்பளித் துணி போன்ற கெட்டித் தட்டாகிவிடும். மேலிருந்து பார்த்தால் போர்ட்டின் கறுத்த அடிப்பகுதி போலவே தெரியும். "உள்ளே சுத்தமாகத்தான் இருக்கிறது" என்று பலரும் ஏமாறுவது இதில்தான்.

டைப்-சி பிளக்கின் உள்ளே, இரு ஓரங்களிலும் சிறு ஸ்பிரிங் கொக்கிகள் உண்டு. போர்ட்டின் நடுவில் நாக்குபோல நிற்கும் தகட்டின் ஓரப் பள்ளங்களில் அவை போய் உட்காரும்போதுதான் "கிளிக்" என்ற உணர்வு கிடைக்கும். அடியில் பஞ்சு இருந்தால் கொக்கி பள்ளம் வரை எட்டாது. பிளக் லேசாகக் கழன்று விழும், தொங்கும், ஆடும். கிளிக் உணர்வே இல்லை என்பது பஞ்சுக்கு மிக வலுவான சாட்சி.

ஒரு நல்ல செய்தியும் இதில் இருக்கிறது. தேயும் ஸ்பிரிங் பாகம் போனில் இல்லாமல் கேபிளில் இருக்கும்படிதான் டைப்-சி வடிவமைக்கப்பட்டது. 10,000 முறை செருகி எடுக்கத் தாங்க வேண்டும் என்பது அதன் தரம். ஒரு நாளைக்கு மூன்று முறை என்று வைத்தாலும் ஒன்பது ஆண்டுகள் ஆகும். இரண்டு வருடப் போனில் போர்ட் வெறும் தேய்மானத்தால் போவது அரிது. விழுந்ததாலோ, ஈரத்தாலோ, உள்ளே கம்பி விட்டுக் குடைந்ததாலோதான் போகும்.

சுத்தம் செய்யும் முறை

போனை முழுதாக அணைத்துவிடுங்கள். போர்ட்டின் வாய் 2.6 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான உயரம். நடுவில் நிற்கும் நாக்கு 0.7 மில்லிமீட்டர் கனம். எனவே நாக்குக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இருக்கும் சந்து ஒவ்வொன்றும் 0.9 மில்லிமீட்டர்தான். பல்குச்சி சுமார் 2 மில்லிமீட்டர் கனம் என்பதால் அப்படியே நுழையாது, பலமாகத் தள்ளினால் நாக்குதான் வளையும். குச்சியின் முனையை பிளேடால் இரு பக்கமும் சீவி, அரை மில்லிமீட்டர் கனமுள்ள தட்டையான உளிபோல ஆக்கிக்கொள்ளுங்கள். முனை ஈரமாகவோ நாராகப் பிரிந்தோ இருக்கக் கூடாது, உள்ளே ஒடிந்து தங்கிவிடும். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் பிளாஸ்டிக் குச்சியின் மெல்லிய முனையும் ஆகும்.

குண்டூசி, சேஃப்டி பின், சிம் கழற்றும் ஊசி வேண்டாம். பின்கள் அரை மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றின்மேல் இருக்கும் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஊசி அதைச் சுரண்டிவிட்டால் அன்றைக்குச் சார்ஜ் நன்றாகவே ஏறும். சில மாதத்தில் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கும், பிறகு நிஜமாகவே போர்ட் மாற்ற வேண்டியதுதான்.

போர்ட்டின் வாய் கீழ்நோக்கி இருக்கும்படி போனைப் பிடியுங்கள். குச்சியை நாக்கின்மீது உரசாமல், வெளிப்புற உலோகச் சுவரை ஒட்டியே அடி வரை விடுங்கள். அடியைத் தொட்டதும் சுவரோடு சேர்த்து வெளியே இழுங்கள். நெம்பாதீர்கள், குத்தாதீர்கள். நாக்கின் இரு பக்கமும், முக்கியமாக இரு வளைந்த மூலைகளிலும், நாலைந்து முறை செய்யுங்கள். முதலில் துகள் துகளாக வரும். பிறகு ஒரு கட்டத்தில் சாம்பல் நிறத் தட்டு ஒன்று மொத்தமாகப் பெயர்ந்து வரும். அதுதான் உங்கள் கோளாறு. டார்ச் அடித்துப் பார்த்தால் அடிப்பகுதி இப்போது சமமாக, பளிச்சென்று தெரிய வேண்டும்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரம் பின்களில் ஒட்டும். காற்று அடைத்த டப்பா இருந்தால் நிமிர்த்திப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று, ஒரு நொடி வீதம் அடியுங்கள். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் குளிர்ந்த திரவம் பீய்ச்சும். பக்கத்தில் இருக்கும் மைக் ஓட்டைக்குள் நேராக அடிக்கவும் கூடாது.

பின்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ படிவு தெரிந்தால், 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை ஒரு சிறு மென்தூரிகையில் ஒரு சொட்டு தொட்டு, நாக்கின் இரு பக்கமும் நீளவாக்கில் தேய்த்து, அரை மணி நேரம் காயவிட்டுப் பிறகு சார்ஜ் போடுங்கள். கை கழுவும் சானிடைசர் ஜெல், சென்ட், வினிகர், துரு நீக்கும் எண்ணெய் எதுவும் ஆகாது. அவை ஈரத்தையோ பிசுக்கையோ விட்டுச் செல்லும், பிசுக்கில் மறுபடி பஞ்சு ஒட்டும்.

புதுக் கேபிளும் ஏன் உதவவில்லை?

பஞ்சு போன பிறகும் வேகம் வரவில்லை என்றால் கேபிளைப் பார்க்க வேண்டும். புதிது என்பதாலேயே நல்லது ஆகிவிடாது. கேபிளின் உள்ளே இருக்கும் செம்புக் கம்பி எவ்வளவு மெல்லியதோ, அவ்வளவு வோல்டேஜ் வழியிலேயே தொலையும். மின்சாரம் போகவும் வரவும் இரு கம்பிகள் என்பதால் இழப்பும் இரட்டிப்பு.

கணக்கு இதுதான். கம்பியின் தடிமனை ஏ.டபிள்யூ.ஜி. என்ற எண்ணால் குறிப்பார்கள். 28 ஏ.டபிள்யூ.ஜி. கம்பிக்கு ஒரு மீட்டருக்கு 0.21 ஓம் மின்தடை. ஒரு மீட்டர் கேபிளில் போக வர 0.43 ஓம். 2 ஆம்பியர் இழுத்தால் 0.85 வோல்ட் காணாமல் போகும். சார்ஜர் 5 வோல்ட் கொடுத்தாலும் போனுக்கு வருவது 4.15. வோல்டேஜ் 4.4 பக்கம் இறங்கும்போதே போன் மின்னோட்டத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். 24 ஏ.டபிள்யூ.ஜி. கம்பியில் அதே தூரத்தில் இழப்பு 0.34 வோல்ட்தான், 20 ஏ.டபிள்யூ.ஜி. என்றால் 0.13. எண் குறையக் குறையக் கம்பி தடிமன். இரண்டு மீட்டர், மூன்று மீட்டர் கேபிள் வாங்குகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், ஏனென்றால் நீளத்தோடு இழப்பும் பெருகுகிறது. கேபிளின் மேலுறையில் சிறு எழுத்தில் இரண்டு ஏ.டபிள்யூ.ஜி. எண்கள் அச்சிட்டிருந்தால், பெரும்பாலும் 28 என்பது டேட்டாவுக்கு, மற்றது மின்சாரத்துக்கு. அந்த இரண்டாவது எண் 24 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். கேபிள் வெளியே தடித்து, துணி பின்னலோடு இருப்பது எதையும் காட்டாது, தடிப்பு முழுக்க ரப்பராக இருக்கலாம்.

வேக சார்ஜிங்கில் 9 வோல்ட், 15 வோல்ட் என்று ஏற்றுவதன் காரணமும் இதே இழப்புதான். 5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 10 வாட். 9 வோல்ட்டில் அதே 2 ஆம்பியருக்கு 18 வாட் கிடைக்கிறது, கம்பியில் தொலைவதோ அதே 0.85 வோல்ட்தான்.

அளந்து பார்க்க விருப்பம் இருந்தால் ஒரு சிறு யூ.எஸ்.பி. மீட்டர் போதும். கேபிளுக்கும் போனுக்கும் நடுவில் பொருத்தி, பேட்டரி 20 முதல் 50 சதவீதத்துக்குள் இருக்கும்போது பாருங்கள். 80 சதவீதத்துக்கு மேல் எந்தப் போனும் வேகத்தைக் குறைக்கும், அப்போது பார்த்துக் கேபிளைக் குறை சொல்லக் கூடாது. மீட்டர் இல்லாவிட்டால் எளிய வழி: அதே சார்ஜர், அதே போன், திரை அணைத்து, 30 சதவீதத்திலிருந்து 15 நிமிடத்தில் எத்தனை சதவீதம் ஏறுகிறது என்று ஒவ்வொரு கேபிளுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். கேபிளையும் சார்ஜரையும் சேர்த்து மாற்றினால் எதில் குறை என்று கடைசி வரை தெரியாது.

சில கேபிள்களில் டேட்டா கம்பியே இருக்காது, சார்ஜுக்கு மட்டும் இரண்டு கம்பி. கம்ப்யூட்டரில் செருகினால் போன் தெரியவே தெரியாது. இத்தகைய கேபிளை உடனே சந்தேகியுங்கள். மேலே சொன்ன 0.5 ஆம்பியர் அடையாளக் குழப்பம் இதிலும் வரும்.

இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் மட்டும் ஏறாத சிறு சாதனங்கள்

இது உங்கள் போனுக்கு நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் இதே குழப்பத்தில் பலர் நல்ல சார்ஜரைத் தூக்கி எறிகிறார்கள். டார்ச், இயர்பட்ஸ் பெட்டி, சிறு ஸ்பீக்கர் ஆகியவற்றில் டைப்-சி வாய் இருக்கும். கூடவே வந்த, ஒரு முனை அகலமான பழைய கேபிளில் நன்றாக ஏறும். இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளில் துளிகூட ஏறாது.

டைப்-சி சார்ஜர், எதிர்முனையில் சாதனம் இருக்கிறது என்று உறுதியாகும் வரை மின்சாரத்தைத் திறந்துவிடாது. சாதனம், இணைப்பை அடையாளம் காட்டும் தன் இரண்டு சி.சி. பின்களில் ஒவ்வொன்றிலிருந்தும் கிரவுண்டுக்கு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் (மின்தடை பாகம்) ஒன்றை வைத்து "நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். மலிவான சாதனங்களில் இந்த இரண்டு சின்ன ரெசிஸ்டர்களை விட்டுவிடுகிறார்கள். 2019-இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற சிறு கம்ப்யூட்டர் பலகையின் முதல் வடிவத்தில்கூட இரு பின்களுக்கும் சேர்த்து ஒரே ரெசிஸ்டர் வைத்துவிட்டதால், உள்ளே சிப் உள்ள உயர்தரக் கேபிள்களில் அது வேலை செய்யவில்லை. பின்னர் வந்த திருத்தத்தில்தான் அது சரியானது. இதற்கு மாற்றுவழி எளிது: ஒரு முனை அகலமான கேபிளையும் அதற்கேற்ற சார்ஜரையும் அந்தச் சாதனங்களுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். அகலத் துளையில் எப்போதும் 5 வோல்ட் இருக்கும், அனுமதி கேட்காது. சால்டரிங் கை வந்தவர்கள் இரண்டு 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை உள்ளே வைத்து நிரந்தரமாகவே சரிசெய்யலாம்.

கேபிள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. கூகுள் பொறியாளர் பென்சன் லியுங் 2015 முதல் டைப்-சி கேபிள்களை வாங்கிச் சோதித்து வந்தார். 2016-இல் உள்கம்பி மாற்றி இணைக்கப்பட்ட ஒரு கேபிள் அவருடைய லேப்டாப்பையே பழுதாக்கியது. தரம் தெரியாத கேபிளில் சார்ஜ் மெதுவாக ஏறுவது சிறிய தீங்கு, கருவியே போவது பெரிய தீங்கு.

பிய்ந்த கேபிளைக் காப்பாற்றுவது

கேபிள் உடைவது ஏறக்குறைய எப்போதும் பிளக்கை ஒட்டிய முதல் மூன்று சென்டிமீட்டருக்குள்தான். உறை விரிசல் விட ஆரம்பித்ததும், உள்கம்பி அறுபடும் முன்னரே வலுப்படுத்திவிட்டால் நீண்ட நாள் வரும். தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப்பை இரண்டு மடங்கு நீளம் வரும்படி இழுத்து, பிளக்கின் பிளாஸ்டிக்கில் ஒரு சென்டிமீட்டர் ஏறத் தொடங்கி, ஒயரில் நான்கு சென்டிமீட்டர் வரை பாதிக்குப் பாதி மேலேறும்படி சுற்றுங்கள். ஒயர்ப் பக்கம் போகப் போகச் சுற்றுகளைக் குறைக்க வேண்டும். திடீரென்று முடியும் கட்டு, உடையும் இடத்தைத் தள்ளி வைக்குமே தவிர உடைவதைத் தடுக்காது. பேனா ஸ்பிரிங்கைச் சுற்றும் வழக்கத்தை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அது வளைவைப் பரப்புவதில்லை, அதன் வெட்டிய முனை மெல்ல உறைக்குள் இறங்கும். சாதாரண இன்சுலேஷன் டேப் வெப்பத்தில் இளகிப் பிசுபிசுக்கும்.

உள்கம்பி அறுந்துவிட்டால், 15 வாட்டுக்குள் வேலை செய்யும், ஒரு முனை அகலமான கேபிளை மட்டும் ஒட்டவைக்கலாம். அதுவும் உடைப்பு ஒயரில் இருக்க வேண்டும், பிளக்கின் உள்ளே இருந்தால் விட்டுவிடுங்கள். டைப்-சி முனைக்குள் ரெசிஸ்டர் இருப்பதால் வெறும் கம்பியை வேறு முனையில் ஒட்டுவது சரிவராது. வழக்கமாகச் சிவப்பு 5 வோல்ட், கறுப்பு கிரவுண்ட், பச்சையும் வெள்ளையும் டேட்டா. நிறத்தை நம்பாமல் மல்டிமீட்டரில் ஒவ்வொன்றும் எந்த முனைக்குப் போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு இணைப்புகளையும் ஒரே இடத்தில் போடாமல் ஒரு சென்டிமீட்டர் விட்டு விட்டுப் போடுங்கள், உறை நகர்ந்தாலும் ஒன்றோடொன்று உரசாது. சால்டர் செய்யும் முன்பே வெப்பத்தில் சுருங்கும் குழாயை ஒவ்வொரு கம்பியிலும், பெரியது ஒன்றை மொத்த ஒயரிலும் கோத்துவிடுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு சூடாகும். 3 ஆம்பியருக்கு மேல் போகும் கேபிள், லேப்டாப் கேபிள் எதையும் ஒட்டுப்போடாதீர்கள், தூக்கிப் போடுவதே சரி.

சார்ஜரைச் சந்தேகிக்க வேண்டிய இடங்கள்

சார்ஜ் போட்டிருக்கும்போது திரை தானாகத் தொடுகை வாங்குகிறது, எழுத்து தாவுகிறது என்றால் குற்றம் திரையில் இல்லை. சார்ஜரிலிருந்து வரும் சீரற்ற மின் அதிர்வு தொடுதிரையின் நுட்பமான அளவீட்டைக் குழப்புகிறது. சார்ஜரை மாற்றியதும் நின்றுவிடும். அதைத் தொடர்ந்து பயன்படுத்த வேண்டாம், வடிகட்டும் பாகங்களில் சிக்கனம் செய்த சார்ஜர் என்பதற்கு அது அடையாளம்.

பல துளைகள் உள்ள சார்ஜரில், பெட்டியில் போட்டிருக்கும் வாட் எண் எல்லாத் துளைகளுக்கும் சேர்த்து. இன்னொரு சாதனத்தைச் செருகியதும் ஒரு நொடி எல்லாம் அணைந்து மறுபடி பங்கு பிரியும். இரவில் ஸ்மார்ட்வாட்சையும் சேர்த்துப் போட்டதால் போனின் வேகம் பாதியானது என்பது கோளாறு அல்ல. அதேபோல, சில தயாரிப்பாளர்களின் அதிவேக சார்ஜிங் அவர்களுடைய சார்ஜரும் கேபிளும் ஒன்றாக இருந்தால்தான் வரும். வேறு சார்ஜரில் அந்தப் போன் 10 அல்லது 18 வாட்டுக்கு இறங்கிவிடும்.

சரியாக 80 சதவீதத்தில் தினமும் நிற்கிறது என்றால் அது பேட்டரியைக் காக்கும் அமைப்பு. செட்டிங்ஸில் பேட்டரிப் பகுதியில் அணைக்கலாம், அணைக்காமல் விட்டால் பேட்டரிக்கு நல்லது. தலையணைக்கடியில், கனமான கவரோடு சார்ஜ் போட்டால் சூடு ஏறி வேகம் குறையும். கவரைக் கழற்றிக் கெட்டியான தரையில் வைத்தாலே வித்தியாசம் தெரியும்.

ஈரம், வீக்கம்

போர்ட்டில் ஈரம் என்று போன் எச்சரித்தால், வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து உள்ளங்கையில் லேசாகத் தட்டி, மின்விசிறிக் காற்றில் வையுங்கள். அரை மணிக்குப் பிறகு பாருங்கள், முழுதாகக் காய ஒரு நாள்கூட ஆகலாம். அவசரப்பட்டு மின்சாரம் விட்டால், ஈரத்தின் வழியே மின்னாற்பகுப்பு நடந்து மின்சாரப் பின்கள் அரித்துப் போகும். போர்ட்டுகள் நிஜமாகவே சாவது இப்படித்தான். அரிசிக்குள் புதைக்காதீர்கள். அரிசியின் சிறு துகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிளும் தன் உதவிப் பக்கத்தில் எழுதியிருக்கிறது. வயர்லெஸ் வசதி உள்ள போனாக இருந்தால், வெளிப்புறத்தை நன்றாகத் துடைத்துவிட்டு அதுவரை அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சோதனைகளுக்கிடையில் போனைச் சமமான கண்ணாடி மேல் வைத்து லேசாகச் சுழற்றிப் பாருங்கள். முன்பு சுழலாத போன் இப்போது பம்பரம்போல் சுழன்றாலோ, பின்மூடியின் ஓரம் விரல்நகம் நுழையும் அளவு தூக்கியிருந்தாலோ, பேட்டரி வீங்கியிருக்கிறது. அத்தோடு சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள். அழுத்தக் கூடாது, ஊசியால் குத்தவே கூடாது. போனை அணைத்து, தீப்பிடிக்கும் பொருள்கள் இல்லாத இடத்தில் வைத்து, பேட்டரியை மாற்றத் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

எல்லாம் பார்த்தும் சரியாகாவிட்டால்

சுத்தம் செய்தாயிற்று, கிளிக் வருகிறது, மூன்று நல்ல கேபிள்களிலும் ஆட்டினால் விட்டுவிட்டு வருகிறது, கம்ப்யூட்டரிலும் போன் விட்டுவிட்டுத் தெரிகிறது, வயர்லெஸ்ஸில் மட்டும் ஒழுங்காக ஏறுகிறது என்றால் போர்ட்டை மாற்றத்தான் வேண்டும். பின்புறம் ஒட்டும் வயர்லெஸ் ரிசீவர் தகட்டை அப்போது வாங்காதீர்கள், அதன் வால் போய்ச் சேர்வது அதே கெட்ட போர்ட்டில்தான்.

மாற்றும் முன் ஒன்றைக் கேளுங்கள்: உங்கள் மாடலில் போர்ட் தனிச் சப்-போர்டில் (கழற்றி மாட்டக்கூடிய சிறு சர்க்யூட் பலகையில்) இருக்கிறதா, மெயின் போர்டிலேயே சால்டர் ஆகியிருக்கிறதா? பல ஆண்ட்ராய்டு போன்களில் சப்-போர்டுதான். பின்மூடியைச் சூடாக்கித் திறந்து, சில ஸ்க்ரூக்களையும் ஓரிரு நாடா இணைப்புகளையும் கழற்றி மாட்டும் வேலை அது. மெயின் போர்டில் என்றால் சூடான காற்றும் நுண்ணோக்கியும் பழகிய கையும் வேண்டும், வீட்டில் முயலாதீர்கள்.

சப்-போர்டில் பெரும்பாலும் மைக்கும் ஆன்டெனா ஒயரின் இணைப்பும் சேர்ந்தே இருக்கும். ஆகவே பின்மூடியைப் பசை வைத்து ஒட்டும் முன்பே எல்லாவற்றையும் சோதித்துவிடச் சொல்லுங்கள்: பிளக்கை இரு பக்கமும் திருப்பிப் போட்டு வேக சார்ஜிங், கம்ப்யூட்டரில் போன் தெரிகிறதா என்பது, ஒரு நிமிட அழைப்பில் உங்கள் குரல் எதிர்முனைக்குத் தெளிவாகக் கேட்கிறதா என்பது, சிக்னல் முன்பிருந்த அளவே இருக்கிறதா என்பது. ஒட்டிய பிறகு தெரிந்தால் மறுபடி சூடாக்கிப் பிரிக்க வேண்டியிருக்கும், ஒவ்வொரு முறை பிரிக்கும்போதும் மூடி உடையவும் பேட்டரி வளையவும் வாய்ப்பு உண்டு.